வீட்டார் நடத்தும் சூரிய விழா
பண்டிகை பிறந்த வீடுகள் – 9

ஜூன் 23 மதியம் தாண்டியதும் லாத்வியாவின் தலைநகரமான ரீகா வெறிச்சோடத் தொடங்கும். கிராமத்தில் பண்ணைவீடு உள்ளவர்கள் அங்கே போவார்கள். இல்லாதவர்களை உறவோ நட்போ அழைத்துக்கொள்ளும். அன்றைய இரவு லீகோ, மறுநாள் யாஞி. இரண்டும் அரசு விடுமுறை. ஆண்டின் மிகக் குறுகிய இரவுகளில் ஒன்றை உறங்காமல் கழிக்கும் இந்த விழா, கிறித்தவம் அந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே பிறந்தது.

டிசம்பரில் ஏழு மணி நேரம்கூடப் பகல் நீடிக்காத நாடு அது. ஜூனிலோ ஏறக்குறைய 18 மணி நேரம் வெளிச்சம். இரவு பத்து மணிக்கு மேல் மறையும் சூரியன், காலை நாலரை மணிக்கெல்லாம் எழுந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் சூரியனைக் கொண்டாடுவது வெறும் சடங்கல்ல. பயிரும் கால்நடையும் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதே அந்தச் சில வாரங்களின் வெயிலைப் பொறுத்தது.

விழா வேலை காலையிலேயே ஆரம்பித்துவிடும். வாசலிலும் அறைகளிலும் பிர்ச் மரக் கிளைகளைச் செருகுவார்கள். சூனியக்காரிகள் பாலைக் கெடுத்துவிடக் கூடாது என்று மாட்டுத் தொழுவத்தில் ரோவன் மரக் கிளை வைப்பது பழைய வழக்கம். பெண்கள் புல்வெளியில் பூவும் மூலிகையும் பறித்துத் தலைவளையம் கட்டுவார்கள். ஆண்களுக்கு ஓக் இலை வளையம். அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் வளையம் உண்டு. அன்று பறித்த மூலிகைகளைக் காயவைத்து, நோய்ப்பட்ட மாட்டுக்குக் கொடுக்க எடுத்துவைப்பார்கள்.

அடுப்படியில் யாஞிப் பாலாடைக்கட்டி தயாராகும். சூடான பாலில் தயிர்க்கட்டியைப் போட்டுத் திரையவிட்டு, நீரை வடித்துவிட்டு, திரண்டதோடு வெண்ணெய், முட்டை, உப்பு, கேரவே விதை சேர்த்துக் கிளறுவார்கள். சூடு ஆறுவதற்குள் துணியில் இறுக முடிந்து, பாரம் வைத்து அழுத்தினால் சூரியனைப் போல வட்டமாக, மஞ்சளாக ஒரு கட்டி கிடைக்கும். இந்தச் செய்முறையை மரபுச் சிறப்பு உணவு என்று ஐரோப்பிய ஒன்றியமே பதிவு செய்திருக்கிறது.

இந்த விழாவுக்குப் பூசாரி கிடையாது என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. யாஞி என்பது யானிஸ் என்ற பெயரின் பன்மை. வீட்டுத் தலைவர் அன்றைக்கு ‘யானிஸின் தந்தை’. தலைவி ‘யானிஸின் தாய்’. பாட்டுப் பாடிக்கொண்டு வரும் விருந்தினர்கள் ‘யானிஸின் பிள்ளைகள்’. தாய் பாலாடைக்கட்டியை அறுத்துக் கொடுப்பார். தந்தை பீர் ஊற்றுவார். வந்தவர்கள் மூலிகைக் கொத்துகளைக் கொடுத்து வீட்டாரை வாழ்த்துவார்கள். களை எடுக்காத வயலையும் சோம்பேறி வீட்டையும் பாட்டிலேயே கேலி செய்வார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சூரியன் மறையும்போது மூட்டும் தீ, மீண்டும் உதிக்கும்வரை எரிய வேண்டும். அதன் வெளிச்சம் எட்டும் வயலெல்லாம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அன்றிரவு தூங்குகிறவர் கோடை முழுவதும் தூங்கிவழிவார் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். விடிந்ததும் பனித்துளியில் முகம் கழுவிக்கொள்வார்கள்.

பாட்டுகளுக்கும் குறைவில்லை. ‘தைனா’ எனப்படும் இந்தக் குறும்பாடல்கள் பெரும்பாலும் நான்கே வரி. யாஞிப் பாட்டு என்றால் ‘லீகோ’ என்ற பல்லவி திரும்பத் திரும்ப வரும். கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்ற அறிஞர், ஊர் ஊராக மக்கள் எழுதி அனுப்பிய தைனாக்களைச் சிறு தாள்களில் பிரித்து, இழுப்பறைகள் கொண்ட ஓர் அலமாரியில் அடுக்கினார். 1894 முதல் 1915 வரை அவர் வெளியிட்ட தொகுதிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அந்த அலமாரி 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இன்று அது ரீகாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இந்த விழாவைத் தம் வழிக்குக் கொண்டுவர முயன்றவர்கள் பலர். 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்களோடு வந்த திருச்சபை, இதைத் திருமுழுக்கு யோவானின் திருநாளோடு இணைத்தது. சூரியன் உச்சம் தொடும் 21-ஆம் தேதியை ஒட்டி வரவேண்டிய விழா 23-க்கும் 24-க்கும் நகர்ந்தது அதனால்தான். பெயர் மாறியது; தீயும் பாட்டும் மாறவில்லை. சோவியத் ஆட்சியில், 1959-இல் ஆர்வீட்ஸ் பெல்ஷே லாத்வியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்தபின் நெருக்கடி முற்றியது. யாஞி விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. பொது இடங்களில் கொண்டாடுவதை அரசு ஒடுக்கியது. ஆனால் பால் திரைவதையும் பூ பறிப்பதையும் எந்த அரசாணையால் நிறுத்த முடியும்? பண்ணைவீட்டு முற்றங்களில் தீ எரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சிதறிய லாத்வியரும் போன இடங்களில் யாஞியைக் கொண்டாடினார்கள். 1980-களின் இறுதியில் நாட்டில் விடுதலைக் குரல் ஓங்கியபோது, விழாவும் வெளிப்படையாகத் திரும்பி வந்தது.

ஒரு கோயிலையோ கட்சியையோ நம்பி நிற்கும் விழாவுக்கு, அது சாயும் நாளில் ஆபத்து வரும். யாஞி அப்படி எதையும் நம்பி நிற்கவில்லை. அதைத் தாங்கியது மாவரைத்த, பால் காய்ச்சிய, பாட்டுக் கட்டிய கைகளும் வாய்களும்தான். உங்கள் வீட்டில் பாட்டிக்கு மட்டும் தெரிந்த ஒரு பண்டிகைப் பலகாரமோ பாட்டோ இருந்தால், இந்த ஆண்டே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதைச் செய்யத் தெரிந்த இன்னொருவர் வீட்டில் உருவானால் போதும், அந்தப் பண்டிகை பிழைத்துக்கொள்ளும்.

(தொடரும்)