ஊர்தியோ, வலவனோ?

பல்லடம் நெடுஞ்சாலையில் விலையுயர்ந்த மிதிவண்டி விரையக் காணும் மாணவர், "இஃது எமக்கு வாய்ப்பின் யாமும் வெல்வோம்" என்பர். இக்கூற்று எத்துணை உண்மையென்பதை ஈண்டு ஆராய்வாம்.

1972-ஆம் ஆண்டில் பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1996-இல் ஆங்கில வீரர் கிறிஸ் போர்ட்மன், கைகளை முன்னே நீட்டிக் காற்றைப் பிளந்து செல்லும் புதுமுறை வண்டியில் 56.375 கிலோமீட்டர் கடந்தார். அவரே 2000-இல் பழைய அமைப்புடைய வண்டியேறியபோது எய்தியது 49.441 கிலோமீட்டர், மெர்க்ஸை விஞ்சியது பத்து மீட்டரே! இடையில் அகவை நான்கு ஏறியதைக் கருதினும், இவ்வேற்றுமையிற் பெரும்பகுதி கருவியினதே என்பது தெளிவு. விரைவு மிகுங்கால் வீரனது ஆற்றலிற் பெரும்பங்கைக் காற்றே உண்ணுமன்றோ?

நம் கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் இண்டியானாபோலிஸ் கார்ப் பந்தயத்தில் நான்காமிடம் பெற்றார். அன்று டயர்கள் தகாமையால் பதினான்கு கார்கள் விலகின, ஓடியவை ஆறே. வல்ல வீரரும் டயருக்கு முன் செயலற்றனர்.

ஆயினும் கருவி ஆற்றலைப் பெருக்குமேயன்றிப் பிறப்பியாது. பழைய வண்டியிலும் போர்ட்மன் மெர்க்ஸை முந்தினாரன்றோ? ஆதலின், எளிய வண்டியுடன் வந்து தோற்ற ஏழை மாணவனை வலியிலன் என்று இகழற்க. கல்லூரிப் போட்டியில் அனைவர்க்கும் ஒரேவகை வண்டி நல்குவோமாயின், உண்மையான வலவன் யாரென்பது விளங்கும்.