குதிரைகளைக் கூட்டினால் கார் ஜெயிக்குமா?

கார் ரேஸ் வீடியோ கேம் விளையாடும்போது பரிசுப் பணம் சேர்ந்ததும் முதல் வேலையாக என்ன வாங்குவீர்கள்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ‘பெரிய டர்போ’ என்பார்கள். எஞ்சின் சக்தி எகிறும், எக்ஸாஸ்ட் உறுமும். அடுத்த ரேஸில் நாம்தான் ராஜா! ஆனால், நிஜமாகவே கார் வேகமாகிவிட்டதா? அதை எப்படிச் சோதிப்பது? வாங்க, ஒரு சூப்பர் காரையே எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடுவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு ‘கிரான் டூரிஸ்மோ’. 1997 டிசம்பரில் ஜப்பானில், பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்தது. இதை உருவாக்கியவர் கசுனோரி யாமவுச்சி. கார் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம்! ஜெர்மனியில் நடக்கும் நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸில் அவரே நிஜக் கார் ஓட்டியிருக்கிறார். அவரது விளையாட்டிலும் கண்டபடி ஓட்டிவிட முடியாது. லைசென்ஸ் வாங்க வேண்டும். நம் ஊரில் ‘8’ போடச் சொல்வார்களே, அதுபோல இங்கே குறிப்பிட்ட கோட்டுக்குள் பிரேக் போட்டு நிறுத்திக் காட்ட வேண்டும்!

நம் கார், நிஸான் ஜி.டி.-ஆர். 2007ல் அறிமுகமானபோது இதன் சக்தி 480 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 310 கி.மீ. ஒரு சுவையான செய்தி தெரியுமா? இந்த நிஜக் காரின் டேஷ்போர்டில் டர்போ அழுத்தம், எண்ணெய்ச் சூடு எல்லாம் காட்டும் ஒரு திரை இருக்கிறது. அதை வடிவமைத்துக் கொடுத்தது யாமவுச்சியின் வீடியோ கேம் கம்பெனிதான்!

சோதனை நடக்கும் இடம், நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927ல் திறக்கப்பட்ட தடம். ஒரு சுற்று 20.8 கி.மீ.! எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஏற்றம், இறக்கம். ரேஸ் வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர் ‘பச்சை நரகம்’. இந்தத் தடம் 2004ல் வந்த கிரான் டூரிஸ்மோ 4ல் இடம்பிடித்தது.

பேய்க் காரோடு பந்தயம்

முதலில் காரில் எதையும் மாற்றாமல் சில சுற்றுகள் ஓட்டுங்கள். அவற்றில் சிறந்த சுற்றை விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் ஓட்டும்போது, அந்தப் பழைய சுற்று ஒரு கண்ணாடிக் கார் போலக் கூடவே ஓடிவரும். இதற்குப் பெயர் ‘கோஸ்ட்’, அதாவது பேய்! மோதினாலும் இடிக்காது. சோதனை செய்ய இதைவிட நல்ல ஆள் கிடையாது.

இப்போது ஒர்க் ஷாப்புக்குப் போய் டர்போவை மாற்றுங்கள். ஒரு பேச்சுக்கு, சக்தி இரண்டு மடங்காகி 960 குதிரைத்திறன் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி தடத்துக்கு வாருங்கள்.

நேர்ப்பாதையில் பேய் பின்னால் போய்விடும். ஆஹா! ஆனால், வளைவு வந்ததும் பாருங்கள். நம் கார் அகலமாகப் போய்ப் புல்லில் இறங்கும். பேய் சமர்த்தாக வளைந்து முன்னே போய்க்கொண்டே இருக்கும். ஏன் இப்படி?

வளைவில் காரைத் திருப்புவது எஞ்சின் இல்லை. நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் உள்ளங்கை அளவு இடத்தில்தான் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமமான வளைவில், காரின் எடைக்குச் சமமான பிடி கொடுக்கும் டயர்களோடு மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகம்தான் போக முடியும். எஞ்சின் 480 குதிரையாக இருந்தாலும் 960 குதிரையாக இருந்தாலும் அதே 80தான்! பிடியை ஒன்றரை மடங்காக்கும் ரேஸ் டயர் போட்டால், மணிக்கு 97 கி.மீ. வரை போகலாம். அப்படியானால் சேர்த்த பணத்தில் முதலில் வாங்க வேண்டியது எது?

சரி, நேர்ப்பாதையிலாவது வேகம் இரண்டு மடங்கு ஆனதா? அதுவும் இல்லை. வேகம் கூடக் கூடக் காற்று காரைத் தள்ளிப் பிடிக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், காற்றை எதிர்க்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். சக்தியை இரண்டு மடங்காக்கினால் உச்ச வேகம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடும். அதுவும் கியர் ஒத்துழைத்தால்தான்.

கியரைப் புரிந்துகொள்ள கியர் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேம்பாலம் ஏறும்போது இலேசான கியர், இறங்கும்போது கடினமான கியர். மாற்றிப் போட்டால் கால் கடுக்கும், இல்லையென்றால் பெடல் சும்மா சுற்றும். விளையாட்டில் கியர் விகிதத்தை நாமே அமைக்கலாம். உச்ச வேகத்துக்கு ஏற்ப நீட்டி வைத்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் சோம்பேறியாகிவிடும். பெரிய டர்போவுக்கும் இதே வியாதி உண்டு. அது சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பேய் பறந்துவிடும்!

அடுத்து பின்னால் மாட்டும் இறக்கை. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது தலைகீழ், காரைக் கீழே அமுக்கும். வேகமான வளைவில் டயருக்குப் பிடி கூடும். ஆனால் சும்மா கிடைக்குமா? சுற்றின் கடைசியில் 2 கி.மீ.க்கும் மேல் நீளமான நேர்ப்பாதை இருக்கிறது. அங்கே இறக்கை காற்றில் இழுபட்டு, வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

பிரேக் போடும்போதும் கவனம். டவுன் பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் போய் விழுவோம் அல்லவா? காரின் எடையும் அப்படியே முன் சக்கரங்களுக்குப் போய்விடும். பின் டயர்கள் இலேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பம்பரம்தான்! எவ்வளவு எடை, எவ்வளவு சீக்கிரம் முன்னால் சாயும் என்பதைச் சரிசெய்யத்தான் சஸ்பென்ஷன்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். டயர், இறக்கை, கியர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஓட்டினால், சுற்று நேரம் குறைந்ததற்கு எது காரணம் என்று தெரியவே தெரியாது. ஒன்றை மாற்று, மூன்று சுற்று ஓட்டு, நேரத்தை நோட்டில் எழுது. பிறகு அடுத்தது. பள்ளி ஆய்வகத்தில் டீச்சர் சொல்வதும் இதுதானே! கொஞ்சம் போரடிக்கும்தான். நிஜ எஞ்சினியர்களுக்கும் போரடிக்கும்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். 2007ல் ஜி.டி.-ஆர் இந்தத் தடத்தை 7 நிமிடம் 38 வினாடிகளில் சுற்றியது. 2013ல் அதையே 600 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, இறக்கை, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றி, எடையையும் குறைத்து மைக்கேல் க்ரூம் ஓட்டினார். 7 நிமிடம் 8.679 வினாடி! சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ.க்கு மேல். கூடுதல் 120 குதிரைகள் மட்டும் இந்த 30 வினாடியை வாங்கித் தந்திருக்காது.

ரிமோட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு

விளையாட்டில் இப்படிக் கற்றவர்கள் நிஜக் கார் ஓட்டுவார்களா? நிஸானும் சோனியும் இதையும் சோதித்தன. 2008ல் ‘ஜி.டி. அகாடமி’ என்ற போட்டியைத் தொடங்கின. கிரான் டூரிஸ்மோவில் வேகமாக ஓட்டுபவர்களைப் பொறுக்கி எடுத்து, நிஜ ரேஸ் காரில் உட்கார வைத்தார்கள். முதல் வெற்றியாளர் ஸ்பெயினைச் சேர்ந்த லூகாஸ் ஓர்டோன்யெஸ். மூன்றே ஆண்டுகளில், 2011ல், உலகப் புகழ்பெற்ற லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தார்!

2011 போட்டியில் வென்றவர் இங்கிலாந்தின் யான் மார்டன்பரோ. அப்போது வயது 19. லீ மான்ஸில் 2013ல் அவரது அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. 2023ல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ சினிமா இவர் கதைதான்.

ஆனால், விளையாட்டில் சோதிக்க முடியாத ஒன்று உண்டு. நூர்பர்க்ரிங்கில் ‘ஃப்ளூக்பிளாட்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் விமானத் தளம் என்று அர்த்தம். அங்கே மேட்டைத் தாண்டும்போது கார் இலேசாகிவிடும். வேகத்தடையில் பஸ் எகிறினால் வயிற்றுக்குள் ‘ஜிவ்’ என்று இருக்குமே, அதுபோல. விளையாட்டில் அங்கே கார் பறந்தால் நமக்கு ஜாலி. விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி ஆரம்பிக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் வெறும் படங்கள்.

2015 மார்ச் 28 அன்று ஒரு ரேஸில், அதே மேட்டில் மார்டன்பரோ ஓட்டிய ஜி.டி.-ஆரின் மூக்கு மேலே எழுந்தது. அடியில் காற்று புகுந்தது. கார் அப்படியே பறந்து வேலியைத் தாண்டி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். சிலர் காயமடைந்தனர். மார்டன்பரோ உயிர் பிழைத்தார்.

அந்த ஆண்டு தடத்தின் சில இடங்களில் வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு ஃப்ளூக்பிளாட்ஸில் ரோட்டின் மேடு பள்ளங்களைச் சீராக்கி, வேலிகளையும் பலப்படுத்தினார்கள். 2016ல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

மார்டன்பரோ 2015 ஜூனில் மீண்டும் லீ மான்ஸில் கார் ஓட்டினார்.