சன்ஸ்கிரீன்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது?



கோடை வந்ததும் நம் வீடுகளிலும் சன்ஸ்கிரீன் வாங்குகிறார்கள். வாங்குபவர்களில் பலர் அதை முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் என்றே நினைக்கிறார்கள். அது யாரையும் வெளுக்க வைக்காது. சூரியனின் புற ஊதாக் கதிர் தோலைத் தாக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. இந்த வித்தியாசம் தெரியாததால் பணம் வீணாகிறது. சில வீடுகளில் உடல்நலமும் கெடுகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கோவையில் வெயில் உறைப்பது தெரிவதில்லை. ஆனால் காற்று சூட்டைத்தான் குறைக்கும். புற ஊதாக் கதிரைக் குறைக்காது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரை அந்தக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று கொள்ளலாம். நிழலை அளந்து அஸர் நேரத்தைக் கணித்த சமுதாயத்துக்கு இது எளிய கணக்கு. மாநிறத் தோலுக்கு ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் மங்கும் கருந்திட்டும் நமக்குத்தான் அதிகம் வருகின்றன.

முதல் பாதுகாப்பு நிழல், குடை, முழுக்கைச் சட்டை. துணி மூடிய இடத்துக்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை. முகம், கழுத்து, காது, புறங்கை, பாதம் ஆகிய திறந்த இடங்களுக்கே அது வேண்டும். தள்ளுவண்டி வியாபாரிகள், கட்டட வேலை செய்பவர்கள், நாள் முழுக்க டூவீலரில் சுற்றுபவர்களுக்கு இது அவசியம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். நிழலில் வைத்திருந்தால் போதும்.

வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் டியூபில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 30 என்பது தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98 சதவீதம். எனவே பெரிய எண்ணுக்காக அதிக விலை தர வேண்டியதில்லை. ‘பி.ஏ.’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். காலாவதி தேதியையும் பாருங்கள். ஹஜ், உம்ராவுக்குச் செல்பவர்கள் இஹ்ராமில் பயன்படுத்த, வாசனை சேர்க்காததை வாங்க வேண்டும்.

பலர் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதே முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பொட்டு அளவு தொட்டுத் தடவினால் டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. 50 கிராம் டியூபை நாளுக்கு இரண்டு முறை பூசினால் மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும். அது ஆறு மாதம் வருகிறதென்றால், பூசுவது போதவில்லை என்று பொருள். வெளியே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே பூசுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்து வழிந்தாலும் திரும்பப் பூச வேண்டும்.

“ஒளு கூடுமா?” என்று பலரும் கேட்கிறார்கள். தோலில் ஊறிவிட்ட க்ரீம் தண்ணீர் படுவதைத் தடுக்காது என்றால் ஒளு கூடும். மெழுகு போலப் படலமாக நின்று தடுத்தால் அதைக் கழுவிய பிறகே ஒளுச் செய்ய வேண்டும். தண்ணீரில் கரையாத வகைகளிலும், வெள்ளையாகத் தடித்து நிற்கும் க்ரீம்களிலும் இதைக் கவனியுங்கள். லுஹருக்குச் சோப்புப் போட்டு முகம் கழுவி, ஒளுச் செய்து, தொழுதபின் மீண்டும் பூசிக்கொள்வது சுலபமான வழி. வெயில் உச்சியில் இருக்கும் நேரமும் அதுதான். சந்தேகம் இருந்தால் மஹல்லா இமாமிடம் கேளுங்கள். நோன்பு வைத்துக்கொண்டு தோலில் பூசுவதால் நோன்பு முறியாது.

இனி முக்கியமான எச்சரிக்கை. நிக்காஹ் நாள் குறித்ததும் பெண்ணுக்கு ‘கலர் வரும்’ என்று சொல்லி யாரோ தந்த க்ரீமைப் பூசும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். வேறு சில க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் உள்ள மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரில் 13 பேர், வெளுப்பதற்கான க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

தயாரித்தவர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள். ஸ்டீராய்டு க்ரீமை நெடுநாள் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து வீங்கலாம். அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ வேறு தோல் மருத்துவரிடமோ செல்லுங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் தந்திருக்கும் அமானிதம். அவன் தந்த நிறமும் அதில் சேர்ந்ததே. நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வோம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்