கரப்பானை விரட்டப் போய்...

"கரப்பான் பூச்சியைப் பற்றி எழுத என்ன இருக்கு?" என்று என் கணவர் சிரித்தார். இருக்கிறது தோழிகளே! அந்தக் கரப்பானால் ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதவள் நான். என்னைப் போல இன்னொருத்தி அழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில். கீழ்த்தளம், வாடகை வீடு. கணவர், மாமியார், மகன், மகள், நான் என ஐந்து பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தது, ஓதம் மட்டும் வடியவே இல்லை. சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். கடல் காற்று அடிக்கும் ஊர், துணிகூட முழுசாகக் காயாது. பீரோவுக்கு அடியில், சிங்குக்குக் கீழே, பரணில் இருந்த அட்டைப்பெட்டிகளில் என்று எங்கே பார்த்தாலும் கரப்பான். ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டால், மேடையே நகருவது போல இருக்கும்!

என் மாமியார் தினமும் ஒன்று சொல்வார். "ராத்திரி பத்துப்பாத்திரம் போட்டு வைக்காதேம்மா. சிங்கைத் துடைச்சிட்டுப் படு." எனக்கோ எரிச்சல். நாள் பூராவும் உழைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் யார் பாத்திரம் தேய்ப்பது? 'இவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க' என்று மனசுக்குள் முணுமுணுப்பேன்.

2024 பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிட்டேன். மூலை முடுக்கெல்லாம் அடித்துவிட்டு, "மூணு மணி நேரம் வெளியே இருங்க, அப்புறம் ஜன்னலைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினோம். நான் செய்த தப்பு என்ன தெரியுமா? கொசு வரும் என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டேன்! தரையையும் துடைக்கவில்லை. அதே அறையில் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அன்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு விட முடியவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. "அம்மா... அம்மா..." என்று சொல்லக்கூட அவளால் முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடியும்போதுதான் குழந்தை தூங்கினாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். "கரப்பான் எச்சமும், செத்த கரப்பான் உதிர்ந்த தூளும் இளைப்பைக் கிளப்பும். மருந்து நெடியும் கிளப்பும். ரெண்டும் சேர்ந்துடுச்சு. ராத்திரி அதுக்குச் சாப்பாடும் தண்ணியும் கிடைக்காம பாருங்க. பாதிப் பிரச்னை தீர்ந்திடும்."

பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஆறு மாதமாக அவர் சொன்னதும் அதுதானே! 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆரம்பித்தோம். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் தண்ணீர். கரப்பான் சாப்பாடு இல்லாமல்கூட வாரக்கணக்கில் கிடக்கும்; தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் தாங்காது. அதனால் படுக்கப் போகும் முன் சிங்கையும் மேடையையும் பழந்துணியால் ஈரம் போகத் துடைக்கிறோம். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினோம். பாத்ரூம், சமையலறை சாக்கடை ஓட்டைகளுக்குச் சின்னக் கண் உள்ள ஜாலி வாங்கிப் போட்டோம். பெரிய கரப்பான் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது.

அடுத்தது ஒளியும் இடம். அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் கட்டு எல்லாவற்றையும் கடைக்குப் போட்டுவிட்டேன். அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டைக்கூடு ஒட்டி வைத்திருந்தது. சின்ன ஜாதிக் கரப்பானின் ஒரு கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள் இருக்குமாம்! சுவர் இடுக்குகளை வெள்ளை சிமென்ட் வைத்து என் கணவரே அடைத்தார்.

அப்புறம்தான் மருந்து. நெடி இல்லாத ஜெல் கடையில் கிடைக்கிறது. கடுகளவு சொட்டாக, கதவுக் கீல், சிங்குக்கு அடி, ஃபிரிட்ஜ் பின்பக்கம் என்று குழந்தைக்கு எட்டாத இடங்களில் வைத்தேன். தின்ற கரப்பான் உடனே சாகாது. பொந்துக்குப் போய்ச் சாகும். அதைத் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. செத்துக் கிடப்பதைப் பெருக்கினால் தூள் பறக்கும் என்பதால், ஈரத்துணியால் எடுத்து, தரையைத் துடைத்துவிடுவேன்.

போரிக் பவுடர், சர்க்கரை, மைதா பிசைந்து உருண்டை வைப்பது பல வீடுகளில் உண்டு. அதுவும் வேலை செய்யும். ஆனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம் தோழிகளே! போரிக்கும் விஷம்தான். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸும் அப்படியே. பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுத எடுத்துக்கொள்வார்கள். வாஷ்பேசினில் போடும் அந்துருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். இவை மூன்றும் இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. அரிசி, பருப்புக்கு வண்டு வராமல் வெயிலில் காய வைத்து, காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கிறார் மாமியார்.

கரப்பான் குறைந்தது. 2024 மழைக்காலத்தில் எலி வந்தது! பக்கத்து வீட்டு அக்கா, "விஷம் வையேன், ஒரே நாள்ல போயிடும்" என்றார். அந்த நவம்பரில்தான் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. பேப்பரைப் படித்துவிட்டு நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கலாமே! எலிப்பொறியில் மசால் வடை வைத்தோம். நாலு நாளில் மூன்று எலி பிடித்தோம். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியையும் தகடு அடித்து மூடினோம்.

இன்னொன்று. மஞ்சள் பாஸ்பரஸ் சேர்ந்த எலி பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. எங்காவது பழசு கிடந்தால் வீட்டில் வைக்காதீர்கள். அதைத் தின்றவர்கள் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரிவார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுவிடும். எந்த விஷமானாலும் குழந்தை வாயில் வைத்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 'நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கரப்பானே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சென்னையில் குடித்தனம் செய்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? மழை பெய்தால் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. மகளுக்கும் இளைப்பு அடியோடு போய்விடவில்லை. இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால், அதற்குப் பிறகு ஒரு நாளும் நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடவில்லை.

தினமும் ராத்திரி நான் பாத்திரம் தேய்க்க, மாமியார் சிங்கைத் துடைக்கிறார். "நீங்க போய்ப் படுங்க அத்தை" என்றால் கேட்கமாட்டார். "உனக்கென்ன தெரியும், இந்த மூலையில ஈரம் இருக்கு பாரு" என்பார். முன்பெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது சிரிப்பு வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுத்தான் பாருங்களேன்!

- ஒரு வாசகி, வேளச்சேரி.