அரண்மனை வாசலில் நின்றவர்கள்

கண்டி அரசவையில் முஸ்லிம்கள் என்று எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் அரச வைத்தியர். மற்றவர் 'மடிகே பத்த' பிரிவில் பொதிமாடு சாய்த்த வியாபாரி. இரண்டும் சரிதான். ஆனால் இராக் கண்விழித்து அரண்மனை வாசலில் நின்றவன் யார், அவனை அரசன் எதை வைத்து நம்பினான் என்று நாம் கேட்பதில்லை. படுக்கையறை வாசலில் யாரை நிறுத்துகிறான் என்று பார்த்தால், ஓர் அரசன் யாருக்குப் பயப்படுகிறான் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல சாட்சி றொபர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் அச்சானது. இரண்டாம் இராஜசிங்கனின் வாசலை அவர் விவரிப்பதைப் பாருங்கள். பெரிய பிரதானிகளே இரவில் காவல் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறித்த இடம் உண்டு, அனுமதியில்லாமல் ஒருவரோடொருவர் பேச முடியாது. கலகம் வந்தால் மிதித்துத் தள்ள யானைகளும் இராமுழுக்க நிற்கும். இவ்வளவும் போதாதென்று, யார் தூங்குகிறான் என்று பார்த்துவர அரசன் ஒற்றரையும் அனுப்புவான். ஒருமுறை தூங்கிப்போன பிரதானி ஒருவரின் தொப்பியையும் வாளையும் ஒற்றன் கழற்றிக்கொண்டு போய் அரசனிடம் கொடுத்துவிட்டானாம். நல்லவேளை, கண்டிப்போடு தப்பினார் அந்த மனிதர்.

அறை வாசலில், அரசனுக்கு மிக அருகில் நின்றவர்களோ காப்பிரிகள். தன் சொந்தக் குடிகளைவிட அவர்களிலேதான் அரசனுக்கு நம்பிக்கை அதிகம் என்கிறார் நொக்ஸ். (அரபுச் சொல்லான 'காஃபிர்' போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு ஆபிரிக்கருக்குப் பெயரான கதை தனிக்கட்டுரைக்குரியது.) காரணம் விளங்காததல்ல. 1664இல் நிலம்பையில் அரசனைக் கொல்ல இரவில் திரண்டு வந்தவர்கள் அந்நியரல்லர், சொந்தக் குடிகள். ஊரில் உறவும் காணியும் இல்லாத காவலனுக்குச் சதிக்குள் இழுபட வழி குறைவு.

சாதாரணக் காவற்காரருக்குச் சம்பளம் கிடையாது. காணிக்குப் பதிலாக ஊழியம், அதுதான் இராஜகாரியம். தவணை வந்ததும் சாப்பாட்டுச் சாமானையும் தானே சுமந்துகொண்டு தலைநகருக்கு வரவேண்டும். 1832இல்தான் ஆங்கிலேயர் இதை ஒழித்தார்கள். சிங்களத்தில் தவணைக்கும் 'முற', காவலுக்கும் 'முற'. விகாரை வாசலில் நிற்கும் காவற்கல் 'முரகல'. நம்முடைய 'முறை'யோடு ஒலியிலும் பொருளிலும் எவ்வளவு கிட்ட நிற்கிறது! வெள்ளவத்தைத் தொடர்மாடி வாச்சரிடம் கேட்டால், "இன்டைக்கு நைட் முற எனக்குத்தான் மஹத்தயா" என்பார். கொட்டாஞ்சேனைச் சாமான் கிட்டங்கிகளிலும் அதே பேச்சுத்தான்.

அந்நியனை நம்பினால் ஆபத்தில்லையா? உண்டு. பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரர் என்ற தென்னிந்தியப் படையினர் இருந்தார்கள். சோழர்மேல் படையெடுக்கப் போ என்றதும் மறுத்துக் கிளர்ந்தார்கள். தளபதிகளைக் கொன்று அரண்மனையைக் கொளுத்தினார்கள். அரசன் கலகத்தை அடக்கித் தலைவர்களைத் தண்டித்தான். ஆச்சரியம் என்னவென்றால், அவன் இறந்தபின் புனித தந்தத்தின் ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை அதே வேளைக்காரர்தான் ஏற்றார்கள். அந்த உறுதிமொழி பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டாக இன்றும் நிற்கிறது.

நம்மவர் கதையில் இதைவிட நெஞ்சைத் தொடுவது 1803. கண்டியரசனிடம் ஊழியம் பார்த்த மலாயருக்குத் தலைவன் சங்குங்லோ. எதிர்ப்பக்கம், ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் கப்டன் நூருத்தீன். ஒரே இனம், ஒரே கலிமா. கண்டியில் ஆங்கிலேயர் சரணடைந்தபின் நூருத்தீனையும் அவர் சகோதரரையும் தன் ஊழியத்துக்கு வரும்படி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அழைத்தான். கொடுத்த வாக்கை முறிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள், கொல்லப்பட்டார்கள். வாக்குக் கொடுத்தது அந்நிய ஏகாதிபத்தியத்துக்குத்தானே என்று இன்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். மறுத்தால் உயிர் போகும் என்று தெரிந்துதான் மறுத்தார்கள் என்பதை நான் சிறிதாக எண்ண மாட்டேன்.

பங்கரகம்மனையில் முஸ்லிம் பெண் ஒருத்தி மரப்பொந்தில் அரசனை ஒளித்துத் தன் உயிரைக் கொடுத்ததாகவும், 'மா ரெக்க லே', என்னைக் காத்த இரத்தம், என்று அவன் சொன்னதே 'மரக்கல' ஆயிற்று என்றும் கதை உண்டு. அந்தப் பெயர் மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லின் வழி வந்தது. ஆனாலும் காவலோடு தம்மைச் சேர்த்துச் சொல்ல ஒரு சமூகம் விரும்பியது கவனிக்கத்தக்கது.

இஸ்லாமிய அரசுகளில் இதற்கு நேரான சொல் 'ஹாஜிப்'. முதலில் வாயிற்காவலன் மட்டுந்தான். அவனைத் தாண்டித்தான் கலீபாவிடம் போகலாம் என்றதும் பதவி வீங்கியது. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் குர்துபாவில் ஹாஜிபாயிருந்த அல்-மன்சூர் கலீபாவைப் பெயருக்கு வைத்துக்கொண்டு தானே ஆண்டார்.

கண்டியில் அப்படியொரு வாயிற்காவலன் உருவாகவில்லை. 1815 பெப்ரவரி 18இல் கடைசி அரசன் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டான். 1816 ஜனவரியில் வேலூருக்குக் கப்பலேற்றப்பட்டான். கோட்டையில், சிலிங்கோ ஹவுஸ் வளவில் ஒரு சின்னக் கட்டடம் நிற்கிறது. அதுதான் அவன் அடைபட்ட சிறைக்கூடு என்று ஊர் சொல்லும். அரசனை வசதியான வீடொன்றில்தான் வைத்திருந்தார்கள், இது சிப்பாய்க் காவலர் நின்ற அறை என்பது அதை மறுப்பவர்களின் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருக்கா எட்டிப் பாருங்கள்.