உங்களுக்குத் தெரியுமா? மைசூரின் விளிம்பில் இருந்த சேலம்

சேலம், நாமக்கல் சமவெளி 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் ஆட்சியின் விளிம்புப் பகுதி. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இதையும் அடுத்திருந்த பாராமகால் பகுதியையும் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூர்ப் பகுதி கைமாறியது 1799-இல், அவர் போரில் மாண்ட பிறகுதான். பழைய சேலம் மாவட்டம் மாடிப்படி போல மூன்று அடுக்காக அறியப்பட்டது: உச்சியில் ஓசூர்ப் பக்கம் பாலாகாட், நடுவே பாராமகால், தொப்பூர்க் கணவாய் இறங்கினால் தலாகாட். இன்றைய சேலம், நாமக்கல் சமவெளி அந்தத் தலாகாட்தான். அந்தப் பெயரைத்தான் இன்று ஊரில் எவரும் சொல்வதில்லை. நெசவாளர் தெருக்களில் மட்டும் பழைய மொழிக் கலப்பு இன்னும் காதில் விழும்: தெலுங்கு, கன்னடம், குஜராத் பக்கமிருந்து வந்த சௌராஷ்டிரம் மூன்றும் அங்கே வீட்டுமொழிகள்.