துசான் லூவெர்த்யூர்: எழுதப்பட்ட விடுதலையும் எழுதப்படாத நிலமும்

அடிமைமுறை சட்டத்தை மீறி நடந்த கொடுமையன்று. சட்டத்தின் துணையோடு நடந்த கொடுமை. 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பிறப்பித்த கறுப்பர் சட்டம், அடிமைகளை அசையும் சொத்து என வகைப்படுத்தியது. அந்தச் சட்டத்தின்கீழ், இன்று ஹைட்டி எனப்படும் சான் தொமாங் குடியேற்றத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் கரும்பும் காப்பியும் விளைவித்துப் பிரான்சைச் செல்வத்தில் கொழிக்கச் செய்தனர். அங்கு அடிமையாகப் பிறந்து, நடுவயதுக்கு முன்பே விடுதலை பெற்றவர் துசான் லூவெர்த்யூர்.

1791 ஆகஸ்டில் வடபகுதிப் பண்ணைகளில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். துசான் அவர்களோடு இணைந்து, விரைவில் படைத்தலைவராக உயர்ந்தார். பாரிசின் தேசியப் பேரவை 1794 பிப்ரவரி 4இல்தான் அடிமைமுறையை ஒழித்தது. எனவே அதனைப் பிரெஞ்சுக் குடியரசின் கொடையென நாம் கொள்ள இயலாது. கிளர்ச்சி முந்தியது, சட்டம் பிந்தியது.

குடியேற்றங்கள் தனிச் சட்டங்களால் ஆளப்படும் என நெப்போலியன் ஆட்சியின் 1799ஆம் ஆண்டு அரசமைப்பு கூறியது. அதிலிருந்த ஆபத்தை உணர்ந்த துசான், 1801இல் தம் நாட்டுக்கெனத் தனி அரசமைப்பு ஒன்றை உருவாக்கினார். இம்மண்ணில் அடிமைகள் இருத்தலாகாது, அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிக்கப்பட்டது என்பதே அதன் 3ஆம் பிரிவு. எந்த நிறத்தவரும் எப்பணியிலும் சேரலாம் என்றது 4ஆம் பிரிவு.

ஆயினும் அதே ஆவணத்தின் 15, 16ஆம் பிரிவுகளையும் நாம் படித்தாக வேண்டும். அவை பண்ணையை ஒரு குடும்பமென்றும் நில உடைமையாளரை அதன் தந்தையென்றும் வருணித்தன. விளைச்சலில் உழைப்பாளருக்குப் பங்கு உண்டு; பண்ணையை விட்டு விருப்பம்போல் வெளியேறும் உரிமை இல்லை. ஏற்றுமதி வருவாய் இன்றேல் படையில்லை, படையின்றேல் விடுதலையில்லை என்பது துசானின் வாதம். சொந்த நிலத்தில் தமக்கெனப் பயிரிடுவதையே விடுதலை எனக் கருதிய மக்கள் அதனை ஏற்கவில்லை. 1801 இறுதியில் வடபகுதி உழைப்பாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதற்குத் துணைநின்றதாகக் குற்றம்சாட்டித் தம் உறவினரான தளபதி மொய்சையே துசான் சுட்டுக்கொல்லச் செய்தார்.

சில மாதங்களில் நெப்போலியனின் படை வந்திறங்கியது. 1802 ஜூனில் பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்ட துசான் கைதுசெய்யப்பட்டு, பிரான்சின் ஷூ கோட்டையில் அடைக்கப்பட்டார். விசாரணை ஏதுமின்றி 1803 ஏப்ரல் 7இல் அங்கேயே மாண்டார். குவாதலூப் தீவில் அடிமைமுறை மீட்கப்படும் செய்தி பரவியபோது, தலைவரை இழந்த மக்களே போரைத் தொடர்ந்தனர். 1804 ஜனவரி 1இல் ஹைட்டி விடுதலை அடைந்தது.

3ஆம் பிரிவைக் காத்தவர்கள், 16ஆம் பிரிவால் கட்டிப்போடப்பட்ட அந்த மக்களே. உரிமைச் சட்டம் எதையும் வாசிக்கையில் நாம் இரண்டைக் கேட்டாக வேண்டும்: அதனைத் திரும்பப் பெறும் அதிகாரம் எவரிடம் உள்ளது? நிலம் எவரிடம் உள்ளது?